அரங்கத்தில் பார்க்காத ஆறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகர வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் பற்றிப் பேச வெளிநாட்டு மாணவர்கள் மதுரைக்கு வந்துபோனதைப் பாராட்டி நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து தங்கித் தமிழ் படித்த ஊர் இது. வெளிநாட்டு விருந்தாளி நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர்களுக்கு எதைக் காட்டி அனுப்புகிறோம் என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு பரிமாற்றத்தில் வந்த ஜெர்மன் மாணவி எங்கள் வீட்டு மாடியில் ஐந்து நாள் தங்கினாள். அதில் மூன்றரை நாள் ஏசி அரங்கத்திலேயே போனது. வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர், நாற்காலிக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பேச எடுத்துக்கொண்ட தலைப்போ நீர் மேலாண்மை! மீதி நேரத்துக்கு மீனாட்சியம்மன் கோயில், மகால், ஜிகர்தண்டா. (ஜிகர்தண்டாவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.)

கடைசி நாள் சாயங்காலம் அவளையும் என் அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தெற்குவாசல் பக்கம் போனேன். ஒரு சின்னப் பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றது. கீழே கறுப்பாக ஓடியதைப் பார்த்து, "இது ஊர்ச் சாக்கடையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று நான் தலையாட்டுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "சாக்கடை இல்லடி, இது கிருதுமால் ஆறு. கூடலழகர் பெருமாள் கழுத்து மாலை மாதிரி ஊரைச் சுற்றி ஓடினதால அந்தப் பேரு."

எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவள் போனை எடுத்துத் தன் ஊர்ப் படங்களைக் காட்டினாள். அவள் ஊர் ஃபிரைபுர்க். பழைய தெருக்களின் ஓரமாக, முழங்கால்கூட நனையாத குட்டி வாய்க்கால்கள் ஓடுகின்றன. பெஹ்லே என்று பெயர். டிரைசாம் ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டு, இடைக்காலத்திலிருந்தே தீயணைக்கவும் ஆடுமாடுகள் குடிக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் தெரியாமல் கால் வைத்துவிட்டால் அந்த ஊர்க்காரரைத்தான் கல்யாணம் செய்ய வேண்டிவரும் என்றொரு நம்பிக்கையும் உண்டாம். அம்மா விடவில்லை: "இங்க கால வச்சா கல்யாணம் இல்ல, காய்ச்சல்தான்."

சிரித்தோம், சரி. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அவள் ஊரில் அந்த வாய்க்கால்களைத் துடைப்பம் வைத்துக் கூட்டிச் சுத்தம் செய்வதற்கென்றே நகராட்சி ஆட்களை வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை தண்ணீரை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிறார்களாம். ஊர்க்காரர்களே கூடிக் கண்மாயையும் வாய்க்காலையும் பழுது பார்க்கும் நம் குடிமராமத்தும் ஏறக்குறைய இதுதானே? அவளோடு அரங்கத்தில் உட்கார்ந்திருந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அன்று இரவு வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மடை என்றால் என்ன, கலுங்கு என்றால் என்ன என்று அம்மா கேட்டார். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் வழி மடை, நிரம்பினால் மிச்சம் வழிந்தோடும் இடம் கலுங்கு. இருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் என்ன குற்றம்? யாரும் கண்மாய்க் கரையில் நிற்கவைத்துக் காட்டவில்லை.

அதனால் என் யோசனை இதுதான். அரங்கத்துக்கு அரை நாள் போதும். மறுநாள் இரு ஊர்ப் பிள்ளைகளையும் ஊருக்கு மேற்கே துவரிமானில் இறக்கிவிட்டு, கிருதுமாலின் கரையோடு ஊருக்குள் நடக்க விடுங்கள். எந்த இடத்தில் கழிவு சேருகிறது, எந்த இடத்தில் கரை காணாமல் போகிறது என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். மாடக்குளம் கண்மாயில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒரு வயதான நீர்க்கட்டியை மடையருகே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய அந்தக் குளத்தில் வறண்ட வருடங்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவன் நான். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகு வைகைத் தண்ணீர் மறுபடி அதற்குள் வந்தது. ஜெர்மனிக்காரர்களுக்கு நாம் பெருமையாகக் காட்டக்கூடிய வேலை அது. அதைத்தான் அட்டவணையில் சேர்க்க மறந்திருந்தார்கள்.

நம் பிள்ளைகள் அங்கே போகும்போதும் வெறும் செல்ஃபியோடு திரும்பக் கூடாது. அந்த வாய்க்கால் கூட்டுகிறவரோடு ஒரு காலைப்பொழுது போய், சம்பளம் யார் தருகிறார்கள், குப்பை போட்டால் என்ன அபராதம் என்று கேட்டு வரட்டும்.

அந்தப் பெண் இப்போதும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள், கூடவே தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்கிறாள். அடுத்த குழு வந்தால் எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நிகழ்ச்சி அட்டவணையை மட்டும் முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.