பம்பு யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள பாப்பா,

மணாலியிலிருந்து லேவுக்கு சைக்கிளில் போகிற வழியில், நேற்று ராத்திரி கேலாங்கிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். அம்மா ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு, "சாப்பிட்டாளா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே" என்றாள். அதற்கும் பதில் அனுப்பிவிடு.

சுரங்கப்பாதை இருந்தும் ரோதாங் கணவாயை மிதித்தே ஏறியதாகச் சொன்னாய். 3,978 மீட்டர்! தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் மெசேஜில் பாதிக்கு மேல் உன்னோடு சைக்கிளில் வருகிற அந்த நாக்பூர்ப் பெண்ணைப் பற்றிய புகார். "அவளுக்காகக் காத்திருந்தே பாதி நாள் போகிறது, பேசாமல் நான் தனியாகப் போய்விடலாமா" என்று கேட்டாய். மணாலி விடுதியில் பார்த்த முதல் நாளே, பத்து வருடம் பழகியவள் மாதிரி இருக்கிறாள் என்று சொன்னதும் நீதான்.

உனக்கும் என்னை மாதிரியே வேகமான கால். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1987 ஆடி மாதம், உன் அச்சாபீஸ் மாமாவும் நானும் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் போனது உனக்குத் தெரியும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கியது, கயத்தாற்றில் மழையில் நனைந்தது எல்லாம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

அவனோடு போவது பெரிய பாடு. அச்சுக்கோர்க்கிறவன் இல்லையா, சுவரில் போஸ்டரைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிடுவான். சினிமா போஸ்டர், கட்சி போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, எதையும் விடமாட்டான். நின்று வாசித்து எழுத்துப்பிழை கண்டுபிடித்து, "பார்றா, ஒற்று போச்சு" என்று சிரித்துவிட்டுத்தான் ஏறுவான். முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் வள்ளியூரில் சண்டை போட்டேன். "நீ படிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

காவல்கிணறு தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று. இப்போது முப்பந்தலில் காடு மாதிரி காற்றாலைகள் நிற்கின்றனவே, அந்த இடம்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அங்கேதான் நம்பினேன். சமதரையிலேயே மலை ஏறுவது போல மிதிக்க வேண்டியிருந்தது. அதுவரை எதிர்காற்று வந்தால் ஒருவன் முன்னே, ஒருவன் அவன் முதுகுக்குப் பின்னே என்று மைல்கல்லுக்கு மைல்கல் மாறிக்கொள்வோம். பின்னால் வருகிறவனுக்கு கால்வாசி பாரமாவது குறையும். அன்றைக்கு நான் தனியாக மோதிக்கொண்டு போனேன். வீம்புதான்.

ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆனது. விளக்கு வைக்கிற நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். பின் சக்கரம் பஞ்சர். ஏழெட்டு கிலோமீட்டர் அந்தக் காற்றில் தள்ளியிருக்கிறான். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் உப்புத்தாளும் பம்பும் என்னிடம் இருந்தன.

திட்டுவான் என்று பார்த்தேன். டீயைக் குடித்தான். அப்புறம் என் வண்டியில் மாட்டியிருந்த பம்பைக் கழற்றி அவன் வண்டியில் கட்டிக்கொண்டான். "மெதுவா வர்றவன்கிட்டதான்டா இது இருக்கணும்" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கன்னியாகுமரி வரை நான் அவன் பின்னால்தான் போனேன். இன்றைக்கும் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அவன் முதுகை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

நாங்கள் போனது ஊருக்கு ஊர் டீக்கடை இருக்கிற ரோடு. உன் ரோடு அப்படியில்லை. கொல்லிமலையின் 70 வளைவும் ஏறியவள் நீ, காட்டா லூப்ஸின் 21 வளைவு உனக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பாய். கொல்லிமலையின் உச்சியே 1,300 மீட்டர்தான். இது 4,000 மீட்டருக்கு மேலே தொடங்குகிறது. அதற்கு முன்னாலேயே பாரலாச்சா லா கணவாய், 4,890 மீட்டர். நம் ஊரில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிக்குச் சற்றே அதிகம்தான் அங்கே கிடைக்கும். அவள் மெதுவாக வருவது சோம்பலாக இல்லாமல் உயரம் ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். தலைவலி, குமட்டல் இருக்கிறதா என்று கேட்டாயா? அவளாகச் சொல்லமாட்டாள், ஏற்கெனவே நீ முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். தலைவலி இருந்தால் அங்கேயே ஒரு நாள் தங்குங்கள். நடை தள்ளாடினால் யோசிக்காமல் வருகிற லாரியில் ஏற்றிக் கீழே இறக்கு.

பிரியவே கூடாது என்று சொல்லவில்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றி வர சைக்கிளில் கிளம்பினார்கள். நாலரை வருடம் கழித்து, 71,000 கிலோமீட்டர் ஓட்டி, 1928 மார்ச்சில் திரும்பியவர்கள் மூன்று பேர்: ஆதி ஹகீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பம்காரா. மற்ற மூவரும் வழியில் பிரிந்துவிட்டார்கள். அதில் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். எனக்குப் பிரிந்த அந்த மூன்று பேர் மேல்தான் யோசனை போகும். விடியற்காலையில் ஐந்து வண்டி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்ன நினைத்திருப்பான்? சரி, அது வேறு கதை.

பிரிவதென்றால் கேலாங்கில் பிரி, பஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. இல்லையென்றால் லே போய்ப் பிரி. நடுவில் சர்ச்சுவிலோ பாங்கிலோ பிரியாதே. சேர்ந்து போவதென்றால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும் என்றில்லை. நீ முன்னால் போ. எந்த வளைவில், எந்தக் கூடாரத்தில் நிற்பாய் என்று காலையிலேயே பேசிவிட்டுப் போ. காட்டா லூப்ஸில் மேலே நின்றால் கீழ் வளைவில் வருகிறவள் தெரிவாள். கை காட்டு, போதும்.

ஜிஸ்பா தாண்டினால் சிக்னல் இருக்காது என்றாயே. அதற்குள் ஒரு வரி அனுப்பு. பம்பும் மாத்திரைப் பையும் யார் வண்டியில் இருக்கின்றன என்று மட்டும் எழுது.

நீ போகிற விஷயத்தை அச்சாபீஸ் மாமாவிடம் சொன்னேன். அந்த ரோட்டில் எல்லைச் சாலைக்காரர்கள் மஞ்சள் பலகையில் வாசகம் எழுதி வைத்திருப்பார்களாமே, எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.

அன்புடன்,
அப்பா