தொடலாமா என்று கேட்ட பையன்

தோட்டப்பாளையம், வேலூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறேன் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூரிலேயே வேலை நிலைத்ததும் நல்லதாயிற்று. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெயில்தான் வழக்கம்போல ஆளை வாட்டுகிறது. சித்திரை பிறந்ததிலிருந்து பத்து மணிக்கு மேல் வாசலில் கால் வைக்க முடியவில்லை.

உன் பேரன் நிகிலைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். லிஃப்டில் நாயைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடுகிறான், அந்த வேகத்தில் ஒருநாள் படியில் உருண்டே விட்டான் என்கிறாய். நீதான் நாய் வளர்க்கிறவளாயிற்றே, இவனுக்கு எப்படிப் பயம் தெளியவைப்பது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் ஒன்று, வசந்தா. தெருவில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நிகில் மாதிரி பயந்து ஓடுகிற பிள்ளைகள் அல்ல. பயமே இல்லாமல் பாய்ந்து வந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளைகளும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற பெரியவர்களும்தான்.

எங்கள் செவலையை நீ பார்த்ததில்லை. சாதாரணத் தெருநாய்க் குட்டிதான். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் ஒரு காருக்கு அடியில் ஈரத்தில் கிடந்தாள். இப்போது நன்றாக வளர்ந்து, கழுத்துப்பட்டையும் கயிறுமாக என்னோடு நடக்க வருகிறாள். விடிவதற்குள் கிளம்பி, கோட்டை அகழிப் பக்கம் வரை போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும். நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. சூட்டில் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிற நாய்க்குப் பொறுமையும் குறைவு.

எங்கள் சந்து முழுக்க லாட்ஜ்தான் என்பது உனக்குத் தெரியும். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த சி.எம்.சி.க்கு இன்று வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்குகிறார்கள், சிலர் மாதக்கணக்கில். கூடவே வந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, விளையாட ஆள் இல்லை, ஊர்ப் பேச்சும் புரியாது. லாட்ஜ் வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் செவலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்துத் தள்ளிப் போ என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனாலும் செவலையின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருநாய்க்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கயிற்றில் இருக்கிற நாய்க்கு அந்த வழி இல்லை. கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கிறது. அவளால் போக முடியாதபோது, அவளுக்காக நான்தான் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். ரோட்டில் நாயோடு நடக்கிற எல்லாருக்கும் இந்த ஒரு கடமை உண்டு என்று உறுதியாக நினைக்கிறேன்.

போன மாசம் ஒரு பையன் வந்தான். ஏழெட்டு வயசிருக்கும். முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடி வரவில்லை. பத்தடி தள்ளி நின்றான். செவலையைக் காட்டினான், தன் உள்ளங்கையைக் காட்டினான், புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். தொடலாமா என்கிறான்! எந்த ஊர்ப் பிள்ளையோ, யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்கு அப்படியே அவனை அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சைகையிலேயே அவனைப் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொன்னேன். கையை நீட்டாதே, மடியில் வை, அவளை உற்றுப் பார்க்காதே என்று காட்டினேன். கயிற்றைத் தளர்த்தினேன். செவலை கழுத்தை மட்டும் நீட்டி அவன் செருப்பை மோந்தாள், பிறகு முட்டியை, பிறகு அந்தப் பஞ்சை. ஒரு தும்மல். அப்புறம் தானாகவே இன்னும் ஓரடி வந்து அவன் காலோடு உரசிக்கொண்டு நின்றாள். மண்டைமேல் கை வைக்காமல் நெஞ்சுப் பக்கம் சொறியச் சொன்னேன். கொஞ்சம் சொறிந்ததும் நிறுத்தச் சொன்னேன். இன்னும் வேண்டுமென்றால் நாயே கேட்கும். செவலை முன்னங்காலைத் தூக்கி அவன் முட்டிமேல் வைத்தாள். அந்தப் பையன் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் வேறொரு லாட்ஜிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்து பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செவலை கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. கொட்டாவி விட்டாள். நாக்கால் மூக்கை நக்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், கண்ணில் வெள்ளை தெரிந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது வேடிக்கை. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் அந்தக் குழந்தையின் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. என்ன செய்வது! தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவியும், சாப்பாடு இல்லாத இடத்தில் உதட்டை நக்குவதும், உடம்பு கட்டை மாதிரி விறைப்பதும் 'விடு' என்று நாய் கேட்கிற விதம். அதை நாம் கேட்காவிட்டால் அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது பல். உறுமுகிற நாயை அடித்து அடக்குகிறார்களே, அதைவிட ஆபத்து வேறில்லை. உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய், மறுமுறை உறுமாமலே கடிக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் நாம் விட்டுவிட வேண்டும். குரைத்துவிட்டுக் கடித்த நாய்கள் எவ்வளவோ.

குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. பல்லைக் காட்டி உறுமுகிற நாயின் முகத்தைச் சின்னக் குழந்தைகள் பல நேரம் 'சிரிக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சிரிக்கிறது என்று நினைக்கிற குழந்தை என்ன செய்யும்? இன்னும் கிட்டே போகும், முகத்தோடு முகம் வைக்கும். அது நிற்கிற உயரமே நாயின் வாய்க்கு நேர் உயரம். பெரியவர்களுக்குக் கடி கையிலும் காலிலும் விழும், குழந்தைக்கு முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. அதிலும் பல நேரம் தெரிந்த வீட்டு நாய், கொஞ்சிக்கொண்டிருந்த நாய்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாயை எப்படி அறிமுகம் செய்கிறோம் என்று யோசித்துப் பார். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, "தோ தோ பாரு" என்று நாயைக் காட்டி முதல் வாய் ஊட்டுகிறோம். கடைசி வாயை அது துப்பினால், "சாப்பிடலேன்னா நாய்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்கிறோம். ஒரே சாப்பாட்டுக்குள் ஒரே நாய் வேடிக்கையும் ஆகிறது, மிரட்டலும் ஆகிறது. அந்த நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பயந்த பிள்ளை கத்திக்கொண்டு ஓடுகிறது. ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். பயமில்லாத பிள்ளை கல்லை எடுக்கிறது, அல்லது வாலைப் பிடிக்கிறது.

பெரியவர்கள் விஷயம் அதைவிட மோசம். பைக்கில் போகிற இளவட்டங்கள் செவலை பக்கத்தில் வந்து 'லொள் லொள்' என்று குரைத்துக் காட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார்கள். அதற்கப்புறம் அந்த நாள் முழுக்க பைக் சத்தம் கேட்டாலே அவள் முடி சிலிர்க்கிறது. அடுத்து வருகிற பைக்காரர் ஒரு பாவமும் செய்யாதவர். நாய் வளர்க்கிறவர்களிலும் சிலர் உண்டு, கயிறு இல்லாமல் பெரிய நாயை அவிழ்த்துவிட்டு, எதிரில் ஒரு பாட்டி பேத்தியோடு நடுங்கி நிற்க, தூரத்திலிருந்தே "ஒண்ணும் பண்ணாதுங்க!" என்று குரல் கொடுப்பவர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒண்ணும் பண்ணாது என்பது உனக்குத் தெரியும், அந்தப் பாட்டிக்கு எப்படித் தெரியும்? முதலில் நாயைப் பிடி.

எல்லாரும் பயத்தினால்தான் விலகுகிறார்கள் என்றும் இல்லை. எதிர்வீட்டு பாய் சுபுஹு தொழுகைக்குப் போகிற நேரமும் நாங்கள் கிளம்புகிற நேரமும் ஒன்று. நாயின் எச்சில் துணியில் பட்டுவிட்டால் கழுவிக்கொண்டுதான் அவர் தொழ முடியும். அதனால் அவரைக் கண்டதும் நான் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துச் சுவரோரம் நின்றுவிடுவேன். அவர் தலையசைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது, கேட் உள்ளே நிற்கிற செவலையைப் பார்த்து, "என்னம்மா, நடந்துட்டு வந்தாச்சா" என்று அவளிடம் விசாரிப்பார். தொடாமலும் ஒரு நாயிடம் பிரியமாக இருக்கலாம் என்பதற்கு அவரைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து நாளுக்குள் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு இருந்த இடத்திலேயே விடச் சொன்னதே, அதிலிருந்து டீக்கடைப் பேச்சும் கடுமையாகிவிட்டது. கயிற்றில் போகிற நாயையும் முறைக்கிறார்கள். அந்தக் கோபத்தின் அடியில் இருக்கிற பயம் நியாயமானது என்பதை மறுக்க மாட்டேன். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வைத்தியம் இல்லை. ரேபிஸ் இருக்குமோ என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதை மட்டும் நீ மகளுக்கும் படித்துக் காட்டு. கடியோ, நகக்கீறலோ, புண்ணில் நாய் நக்கியதோ, எதுவானாலும் உடனே குழாயடியில் சோப்புப் போட்டு முழுசாகப் 15 நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், டீத்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நம் சின்ன வயசில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துவார்களே, ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில்தான் போடுகிறார்கள், முதல் நாள், 3, 7, 28 என்று நாள் கணக்கு. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் போட வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பிள்ளை வந்து சொல்ல வேண்டும். கல்லெறிந்தாயா, ஏன் கிட்டே போனாய் என்று அடி விழும் என்று தெரிந்த பிள்ளை காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். நாய் விஷயத்தில் எது நடந்தாலும் உன்னைத் திட்டமாட்டோம் என்று நிகிலிடம் இன்றைக்கே சொல்லி வை.

பயம் தெளியவைக்கிற கதைக்கு வருகிறேன். அவனைப் பிடித்து இழுத்துப் போய் நாயைத் தொடவைக்காதே, அப்பா அம்மாவையும் செய்யவிடாதே. லிஃப்டில் நாய் இருந்தால், "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வரோம்" என்று நீ வாய்விட்டுச் சொல். பாட்டி எனக்காகப் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். தெருவில் நாய் கிட்டே வந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, தன் கால் விரலைப் பார்த்தபடி மரம் போல நிற்கப் பழக்கு. வீட்டிலேயே விளையாட்டாகச் செய்து பாருங்கள், நீ நாயாக வா, அவன் மரமாக நிற்கட்டும். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும், அதையும் சொல்லிக் கொடு. சாயங்காலம் பார்க்கில் தூரத்து பெஞ்சில் உட்கார்ந்து நாய்களைச் சும்மா வேடிக்கை பாருங்கள். எது தூங்குகிறது, எது விளையாடுகிறது, எதற்கு எரிச்சல் என்று அவனையே சொல்லவிடு. போதும் என்றால் எழுந்து வந்துவிடு. தொட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. நாயைத் தொடாமலே ஒருவன் நன்றாக வாழலாம்.

லீவு விட்டதும் அவனோடு இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய், தவறாமல் வா. பஸ் ஆம்பூரைத் தாண்டியதும் ஒரு போன் பண்ணு. செவலையைப் பின்கட்டில் கட்டிவிட்டு வாசல் கதவைத் திறக்கிறேன். அவன் இருக்கிற வரை அவள் அங்கேதான் இருப்பாள், ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கிட்டே வரச் சொல்லி அவனாகக் கேட்டால் கூட்டி வருகிறேன், கேட்காவிட்டால் விட்டுவிடலாம். முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் வாங்கி வைக்கிறேன். உனக்கு எண்ணெய் எவ்வளவு சேரலாம் என்று டாக்டரைக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் கமலா