கிரே இருக்கும் வீட்டுக்குக் கான்யூர் குஞ்சு வருகிறது

அன்புள்ள தம்பி,

ஒன்பது வயது ஆப்பிரிக்கன் கிரே கிளி இருக்கும் வீட்டுக்கு மூன்று மாதச் சன் கான்யூர் என்ற சின்னக் கிளிக்குஞ்சு வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். "ரெண்டும் ஒரே கூண்டுல கொஞ்சிக்கிட்டு இருக்கும்ல?" என்றும் கேட்டிருந்தாய். இருக்காது. இருக்கவும் வேண்டாம். கிரே 400 முதல் 500 கிராம், கான்யூர் 100 முதல் 120 கிராம். பாதாமை ஓட்டோடு உடைக்கிற அலகுக்கு அந்தக் குஞ்சின் விரல் எம்மாத்திரம்? ஒன்று பக்கத்தில் இருப்பதை மற்றது சட்டை செய்யாமல் இருந்தால் போதும். அந்த இலக்கை வைத்துக்கொண்டுதான் மீதியைச் சொல்லப்போகிறேன்.

கிரே மத்திய ஆப்பிரிக்கக் காட்டு இனம். சன் கான்யூர் தென் அமெரிக்காவில் கயானாவும் வட பிரேசிலும் சேரும் பக்கத்தது. இயற்கையில் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது, அதனால் ஒன்றின் சைகை மற்றதற்குப் புரியாது. கிரே உடம்பை இறுக்கி "தள்ளிப் போ" என்று சொன்னால், கான்யூர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கிட்டே போகும். கான்யூருக்குத் தன் உருவ அளவு தெரியாது, பயமும் குறைவு. வம்பை ஆரம்பிப்பது பெரும்பாலும் சின்னதுதான். அடிபடுவதும் அதுவேதான்.

குஞ்சு வாங்கும்போது தானாகச் சாப்பிடப் பழகியதை மட்டும் வாங்கு. ஹேண்ட் ஃபீடிங் முடியாத குஞ்சைக் கையில் கொடுத்து, "நீங்களே ஊட்டுங்க, அப்பதான் ஒட்டும்" என்பார்கள். நம்பாதே. சூடு சற்று கூடிய கலவை தீனிப்பையைச் சுட்டுவிடும், ஆறிப்போனது செரிக்காமல் தேங்கும். இரண்டு பறவையுமே மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டிய இனங்கள். விற்பவரிடம் அதற்கான தாள்களைப் பறவையோடு சேர்த்தே வாங்கிக்கொள்.

முதல் 45 நாள் குஞ்சு தனி அறையில் இருக்கட்டும். கிரே ஹாலிலும் குஞ்சு பால்கனியிலும் என்றால் அது தனிமை ஆகாது. கதவு மூடியிருக்க வேண்டும், காற்று கலக்கக் கூடாது. அலகு, இறகு நோயான பி.பி.எஃப்.டி. வைரஸ் இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவும். தொற்றிய குஞ்சு வாரக்கணக்கில் துறுதுறுவென்றே இருக்கும். பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பி.பி.எஃப்.டி., பாலியோமா வைரஸ், சிட்டகோசிஸ் என்ற கிளிக்காய்ச்சல் மூன்றுக்கும் பி.சி.ஆர். சோதனை எடுத்துவிடு. கிரேவுக்கு இதுவரை எடுத்ததில்லை என்றால் அதற்கும் சேர்த்து எடு. நோய் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். நோய்க்குறி ஏதும் இல்லாத பறவைக்குப் பி.பி.எஃப்.டி. பாசிட்டிவ் வந்தால் இடிந்து போகாதே, 90 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை தனி அறைதான். சிட்டகோசிஸ் மனிதருக்கும் தொற்றும். இந்த நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வறட்டு இருமல் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வேலை வரிசையும் முக்கியம். காலையில் முதலில் கிரேவுக்குத் தீனி, தண்ணீர், சுத்தம். அதற்குப் பிறகுதான் குஞ்சு அறை. வெளியே வந்ததும் கை கழுவி, சட்டையை மாற்று. இரண்டுக்கும் கிண்ணங்கள் தனி, அவற்றைக் கழுவும் பஞ்சும் தனி. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு வாங்கி, இரண்டையும் தினமும் தீனிக்கு முன் எடைபோட்டு எழுதி வை. 110 கிராம் குஞ்சு 99-க்கு இறங்கினால் பத்து சதவீதம் போய்விட்டது என்று கணக்கு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இறகு மூடியிருப்பதால் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது.

கிரேவுக்குப் புதுப்பொருள் என்றாலே ஆகாது, புது வாளியைப் பார்த்தே மிரளும். அதனால் 45 நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே, குஞ்சுக்கு வாங்கிய புதுக்கூண்டைக் காலியாக ஹாலில் வைத்துவிடு. முதலில் கூண்டு பழகட்டும். அதன் கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அரை அங்குலமாக இருந்தால் இன்னும் நல்லது. கிரே கூண்டில் ஒரு அங்குலம் வரை இருக்கும், கான்யூர் அதில் தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். பணம் மிச்சம் என்று பழைய கிரே கூண்டைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடாதே.

பிறகு குஞ்சோடு அந்தக் கூண்டை எட்டு அடி தள்ளி வை. உயரம் கிரே கூண்டுக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும். கிரே தீனி தின்று, இறகு கோதி, பகலில் கண் மூடித் தூங்கினால் மூன்று நான்கு நாளுக்கு ஒரு அடி நெருக்கலாம். தீனியைத் தொடாமல் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரு அடி பின்னால் போ. இரண்டு அடியை விடக் கிட்டே கொண்டுவர வேண்டாம். கம்பி வழியே அலகும் அலகும் தொடுகிற தூரம் ஒருநாளும் வேண்டாம்.

இனி விபத்துக்கு வருகிறேன். கால் விரல் போவது சண்டையில் இல்லை, கூண்டின் மேல்தளத்தில். குஞ்சு இப்போதுதான் பறக்கக் கற்கிறது. கிளம்பத் தெரியும், இறங்கத் தெரியாது. ஹாலில் இரண்டு சுற்று சுற்றி மூச்சு வாங்கியதும், கண்ணில் படுகிற உயரமான இடத்தில் தொப்பென்று உட்காரும். அது அநேகமாகக் கிரே கூண்டின் தலை. கம்பியைச் சுற்றி நான்கு விரலும் பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் கிரே சத்தமில்லாமல் தான் உட்காரும் குச்சியிலிருந்து கம்பி வழியே ஏறும். ஒரே கடி. விரல் நுனி நகத்தோடு போய்விடும். கூண்டு பூட்டித்தானே இருக்கிறது என்று நீ மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது இது. குஞ்சை வெளியே விடும் நேரமெல்லாம் கிரே கூண்டின் மேலும், குஞ்சு தொற்றக்கூடிய பக்கங்களிலும் கெட்டியான அட்டையோ மடித்த பெட்ஷீட்டோ போட்டு மூடு. கிரேவுக்குக் காற்றும் உன் முகமும் தெரிய முன்பக்கம் திறந்திருக்கட்டும். கிரே வெளியே வரும்போது குஞ்சு கூண்டுக்கும் இதே ஏற்பாடு.

நேருக்கு நேர் சந்திப்பை இரண்டுக்கும் சொந்தமில்லாத அறையில் வை. கிரே வழக்கமாக உட்காரும் ஜன்னலோ, சாப்பாட்டு மேசையோ வேண்டாம். இரண்டு ஸ்டாண்ட், நடுவில் ஐந்து அடி, ஆளுக்கு ஒரு பறவையாக இரண்டு பேர். மின்விசிறி அணைந்திருக்க வேண்டும். ஐந்தே நிமிடம். இதற்கு முன்பே இரண்டையும் தன் ஸ்டாண்டில் நிற்கப் பழக்கியிருக்க வேண்டும். சாப்ஸ்டிக் நுனியை அலகால் தொட்டால் ஒரு சூரியகாந்தி விதை, ஸ்டாண்டில் நின்றால் இன்னொன்று என்று தனித்தனியாகப் பழக்கினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். கிரேவுக்கு ரொம்பப் பிடித்த வால்நட் துண்டைக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்திவிட்டு, கான்யூர் கண்ணில் படும்போது மட்டும் கொடு. அந்தக் குட்டி வந்தால் வால்நட் வரும் என்பது கிரே மண்டையில் ஏறட்டும்.

கிரேவின் கண்ணைப் பார். வெளிர் மஞ்சள் வளையத்துக்குள் கருமணி சுருங்கி விரிந்து துடிக்கும். கூடவே இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, உடம்பு முன்னால் சாய்ந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். பிடரி சிலிர்த்து உறுமினால் அன்றைக்கு அதோடு சரி. கான்யூர் வாய் திறந்து, உடம்பை உப்பிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடினால் அதுவும் வம்புக்கு வருகிறது என்று அர்த்தம். கிரே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அலகை அரைக்க ஆரம்பித்தால் அது நிம்மதியாக இருக்கிறது. அங்கேயே முடித்துவிடு. நல்லபடியாகப் போகிறதே என்று பத்து நிமிடம் நீட்டுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள்.

இரண்டும் சண்டையில் பிடித்துக்கொண்டால் கையை நடுவில் விடாதே. கோபத்தில் இருக்கும் பறவைக்கு உன் விரலும் எதிரிதான். துண்டை இரண்டின் மேலும் வீசு, அல்லது தலையணையை இடையில் செருகு. இரண்டையும் ஒரே நேரத்தில் தோளில் ஏற்றும் பழக்கம் கூடவே கூடாது, நடுவில் இருப்பது உன் காதும் கண்ணும். 110 கிராம் பறவையின் உடம்பில் இருப்பதே சுமார் 10 மில்லி ரத்தம். நகம் ஒடிந்து ரத்தம் வந்தால் சோள மாவை (கார்ன் ஃப்ளோர்) அழுத்தி இரண்டு நிமிடம் பிடி. தோல் கிழிந்த காயத்தில் மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டே வண்டியை எடு. அலகு உடைந்தாலும் அப்படித்தான்.

கிரேவிடமிருந்து எதையும் பிடுங்காதே. காலையில் முதல் வணக்கம், முதல் கிண்ணம், திரையை முதலில் விலக்குவது எல்லாம் அதற்கே. குஞ்சு வருமுன் ஒரு மணி நேரம் உன்னோடு தனியாக இருந்தது என்றால், அந்த ஒரு மணி நேரம் இனியும் வேண்டும், குஞ்சு இல்லாமல். சன் கான்யூரின் கத்தல் பக்கத்து பிளாட் வரை கேட்கும். அந்த இரைச்சலோடு கவனிப்பும் குறைந்தால் கிரே நெஞ்சு இறகைப் பிடுங்கத் தொடங்கும். சீக்கிரம் பழகிவிடும் என்று காத்திருக்காமல், கூண்டுகளை வேறு வேறு அறைக்கு மாற்றி, மருத்துவரையும் பார். இன்னொன்று, அந்தக் கத்தலைக் கிரே அச்சு அசலாகக் கற்றுக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அதற்கு மருந்து கிடையாது.

கான்யூர் ஒரு வயதைத் தாண்டிப் பருவத்துக்கு வரும்போது குணம் மாறும். அதுவரை ஒத்துப்போனவை அப்போது முறைத்துக்கொள்ளலாம், மறுபடி ஐந்தடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நீ கடைக்குப் போகும் பத்து நிமிடமானாலும் அவை தன் தன் கூண்டில், தாழ் போட்டு. கிரே தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்ளும், அதனால் அதன் கூண்டுக்கு மட்டும் திருகு கொக்கி வாங்கிப் போடு.

அன்புடன்,
அண்ணன்