பிரவுசிங் சென்டர்ல கெடக்கற நம்ம ஆதார்

ஆசிரியர் சார், வணக்கம். போன வாரம் காட்பாடியில ஒரு பிரவுசிங் சென்டருக்கு பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷன் போட போனேன், டவுன்லோட்ஸ் ஃபோல்டர தொறந்தா யார் யாரோ ஆதார், பத்தாவது மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் முத பக்கம், யாரோ ஒரு அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் கூட அப்படியே கெடக்கு. நான் எதையும் தொறக்கல, ஆனா ஃபைல் பேருலயே எல்லாம் தெரியுதே. கடைத் தம்பிகிட்ட சொன்னா, "எத்தன பேருது தாண்ணா அழிக்கறது"ன்றான்.

நெட்ல டவுன்லோட் பண்ற இ-ஆதாருக்கு தான் பாஸ்வேர்டு இருக்கேன்னு கேக்கலாம். பேரோட முதல் 4 இங்கிலீஷ் எழுத்து, கூட பொறந்த வருஷம், அவ்ளோ தான், பக்கத்துலயே மார்க் ஷீட் கெடந்தா பூட்டுலயே சாவி தொங்கற கத தான். முழு நம்பர் கேக்காத எடத்துக்கு கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரே போதும், அதுவும் இ-ஆதார் எடுக்கற அதே சைட்ல கெடைக்குது.

சும்மா டெலிட் பண்ணா ரீசைக்கிள் பின்ல போய் உக்காந்துக்கும், ஷிஃப்ட்டோட சேத்து டெலிட் அமுக்கணும். கடைக்காரங்க ராத்திரி ஷட்டர் இறக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ செஞ்சா என்ன கொறஞ்சிடும்? அடுத்தவங்க ஃபைல தொறந்து பாக்கறவங்கள என்ன சொல்ல, பக்கத்து வூட்டு தபால பிரிப்பாங்களா இவங்க?

நானும் ஒண்ணும் ஒசத்தி இல்ல சார். பொண்ணு ஃபைல அழிச்சிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தப்புறம் தான் ஜிமெயில லாக்அவுட் பண்ணலன்னு ஞாபகம் வந்துச்சு, நம்ம வேலூர் வெயில்ல திரும்ப ஓடினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி