ஆஸ்டர் பிரிந்த கதை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் முளைக்கிறது, ராத்திரித் தூக்கம்தான் யாருக்கும் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டெய்சி போலப் பூக்கும் ஆஸ்டர் செடிகளுக்கு நாம் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த அறிவியல் பெயர்களை எதற்காகக் கலைத்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் அந்தக் கோபம் பல வருஷம் இருந்தது. இப்போது இல்லை.

செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-ல் ஆஸ்டர் பேரினத்தை வகுத்தார். பின்னால் வந்தவர்கள், ஓரத்தில் ஊதாவோ வெள்ளையோ, நடுவில் மஞ்சளுமாக எந்தக் காட்டு டெய்சி கிடைத்தாலும் பெரும்பாலும் அதிலேயே சேர்த்தார்கள். ஏறத்தாழ 600 சிற்றினங்கள் குவிந்துவிட்டன. ஏசா கிரே போன்ற அமெரிக்கத் தாவரவியல் மேதையே வட அமெரிக்க ஆஸ்டர்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனார்.

1994-ல் கை நேசம் (Guy Nesom) என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அந்தக் குவியலைப் பிரித்தார். வட அமெரிக்கச் செடிகளில் பெரும்பகுதி சிம்ஃபியோட்ரைக்கம் என்ற பேரினம் ஆனது. அது அவர் உண்டாக்கிய பெயர்கூட இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நீஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வைத்துவிட்டுப் போனதைத் தூசி தட்டி எடுத்தார், அவ்வளவுதான். யூரிபியா, டோலிங்கேரியா என்று வேறு சிலவும் தனியாகப் போயின. ஆஸ்டர் என்ற பெயர் ஐரோப்பிய, ஆசியச் செடிகளோடு நின்றது. வட அமெரிக்காவின் இயற்கைச் செடிகளில் ஆல்பைன் ஆஸ்டர் ஒன்றுதான் இன்னும் அந்தப் பெயரில் இருக்கிறது.

என் மனதை மாற்றியது குரோமோசோம் கணக்கு. ஆஸ்டரின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் இருக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை, 9. சிம்ஃபியோட்ரைக்கத்துக்குப் போன நியூ இங்கிலாந்து ஆஸ்டருக்கு 5. அப்புறம் டி.என்.ஏ. ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன. மஞ்சளாகப் பொடிப்பொடியாகப் பூக்கும் சாலிடாகோ இருக்கிறதே, அதுதான் இந்த அமெரிக்கச் செடிகளுக்கு நெருங்கிய சொந்தம். ஐரோப்பிய ஆஸ்டர் தூரத்து உறவு. ஓரத்து ஊதாவை நம்பி இத்தனை காலம் ஏமாந்திருக்கிறோம், செல்வம்!

போன வாரம் நியூ இங்கிலாந்து ஆஸ்டரின் பழைய ஹெர்பேரியம் தாள் (உலர்த்திய செடியை ஒட்டிவைத்த தாள்) ஒன்றை லென்ஸில் பார்த்தேன். ஊதா வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. பூத்தலைக்கு அடியில் உள்ள செதில்களில் சுரப்பி மயிர்கள் மட்டும் குண்டூசித் தலை மாதிரி அப்படியே நிற்கின்றன. இலையின் அடிப்பகுதி தண்டைக் கட்டிப்பிடித்தபடி காய்ந்திருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பெயரைச் சின்னச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, பழைய சீட்டை மறைக்காமல் அதற்கு மேற்புறமாக ஒட்டினேன். பழையதைக் கிழிக்கக் கூடாது என்பது நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அல்லவா? அந்தப் பழைய சீட்டில் ஆஸ்டர் என்று எழுதியிருப்பது உன் கையெழுத்து.

அன்புடன்,
குமரன்