8 ஜிபி கிராபிக்ஸ் கார்டை 4 ஜிபி என்று காட்டும் உங்கள் மென்பொருள் பற்றிய புகார்

நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கல்முனையில் பாவித்த கம்ப்யூட்டர்களைத் திருத்தி விற்கிற சின்னக் கடை என்னுடையது. கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் உங்கள் மென்பொருளைக் காசு கட்டித்தான் பாவிக்கிறேன். அதில் வீடியோ மெமரியும் (கிராபிக்ஸ் பகுதிக்கென்று இருக்கிற மெமரி) புரொசசர் வேகமும் பிழையாக வருகின்றன. முன்பே எழுதினேன், "டிரைவரை அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. டிரைவர் எல்லாம் புதிதுதான், பிழை உங்கள் பக்கம்.

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கலியாண வீடியோ எடிட்டிங்குக்கு என்று ஆர்எக்ஸ் 580 என்கிற 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் போட்ட டெஸ்க்டொப் ஒன்றைப் பார்க்க வந்தார். கையோடு கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து அவர் ஓடவிட்டதும் உங்கள் மென்பொருளைத்தான். 4095 எம்பி, அதாவது ஏறத்தாழ 4 ஜிபி என்று வந்தது. "அண்ணன், எட்டு என்டுதானே சொன்னீங்க?" என்றார். கார்டைக் கழற்றி ஸ்டிக்கரைக் காட்டினேன், விண்டோஸிலேயே இருக்கிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து 8 ஜிபி இருப்பதையும் காட்டினேன், ஆனாலும் மனதில் சந்தேகம் விழுந்தபிறகு யார் காசு தருவார்? வாங்காமலே போய்விட்டார். பாவித்த சாமான் விற்கிறவனுக்கு நம்பிக்கைதான் முதல், அதைத்தான் உங்கள் திரை கெடுக்கிறது.

இந்த 4095 எப்படி வருகிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் விவரங்களைக் கேட்டால் சொல்லும் விண்டோஸின் டபிள்யூஎம்ஐ என்ற பகுதி தருகிற அடாப்டர்ரேம் என்ற மதிப்பு 32 பிட் எண், அதில் 4 ஜிபிக்கு மேல் எழுத இடமே கிடையாது, கார்டில் 6 இருந்தாலும் 12 இருந்தாலும் அந்த மட்டத்திலேயே நின்றுவிடும். சரியான அளவை, கார்டை இயக்கும் டிரைவர் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் 64 பிட் மதிப்பாக எழுதி வைக்கிறது. விண்டோஸின் கிராபிக்ஸ் வேலையைப் பார்க்கும் டைரக்ட்எக்ஸின் டிஎக்ஸ்ஜிஐ என்ற பகுதியிடம் கேட்டால் தனி மெமரி எவ்வளவு, ரெமிலிருந்து பகிர்ந்தது எவ்வளவு என்று பிரித்தே சொல்லும். காசு வாங்குகிற மென்பொருள் இதைப் பார்க்கக்கூடாதா?

இதைவிடப் பெரிய அநியாயம், கார்டே இல்லாத மெஷினில் நடப்பது. ஐ5 8400 புரொசசர், 16 ஜிபி ரெம், உள்ளேயே இருக்கிற யுஎச்டி 630 கிராபிக்ஸ், அவ்வளவுதான். அதற்கு வீடியோ மெமரி 8 ஜிபி என்று காட்டுகிறீர்கள்! அது விண்டோஸ் தேவைப்பட்டால் ரெமிலிருந்து எடுக்கலாம் என்று விட்டு வைக்கிற பாதிப் பங்கு, கிராபிக்ஸின் சொந்த மெமரி இல்லை. அந்தத் திரையைப் படம் எடுத்துப் போட்டு "8 ஜிபி விஜிஏ" (அதாவது கிராபிக்ஸ் கார்ட்) என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏஎல் (உயர்தரம்) படிக்கிற மகனுக்கு என்று அப்படி வாங்கிய திருக்கோவில் அம்மா ஒருவர் என்னிடம் மெஷினைக் கொண்டுவந்தார், பெட்டியைத் திறந்தால் கார்ட் போடுகிற இடம் வெறுமையாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

புரொசசர் வேகமும் இதே கதிதான். 8400இன் அடிப்படை வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ், வேலை கூடும்போது டர்போவில் 4.0 வரை ஏறும், சும்மா கிடக்கும்போது 800 மெகாஹேர்ட்ஸுக்கும் இறங்கும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது அப்படித்தான் செய்ய வேண்டும். நீங்கள் "வேகம்" என்று ஒரே வரி வைத்து, மென்பொருளைத் திறந்த நொடியில் என்ன இருந்ததோ அதைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு மாற்றுவதே இல்லை. 0.80 கிகாஹேர்ட்ஸ் என்று கண்டால் புரொசசர் பழுது என்றுதான் சனம் நினைக்கும். 4.0 என்ற எண்ணோ எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடிப்படை வேகம், அதிகபட்ச வேகம், இப்போதைய வேகம் மூன்றையும் தனித்தனியாகப் பெயர் போட்டுக் காட்டுங்கள், இப்போதைய வேகம் நொடிக்கு நொடி மாற வேண்டும். சொந்த வீடியோ மெமரியையும் பகிர்ந்ததையும் கூட்ட வேண்டாம். வாசிக்க முடியாத இடத்தில் "தெரியவில்லை" என்று போடுங்கள், பிழையான எண்ணைவிட அது எவ்வளவோ மேல். அப்புறம், திருத்தம் வரும்வரை 4 ஜிபிக்கு மேற்பட்ட கார்ட்களுக்கு இந்த எண் சரியில்லை என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு வையுங்கள், வாடிக்கையாளரிடம் காட்ட எனக்கு அதுவாவது இருக்கும்.

இரண்டு மெஷின்களின் படங்களையும், டாஸ்க் மேனேஜர் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பில் திருத்துவீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
பாவித்த கம்ப்யூட்டர் கடைக்காரர்,
கல்முனை, அம்பாறை மாவட்டம்