பை சுமந்தவளுக்கும் முதலாளிக்கும் ஒரே தண்டனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் ஜங்ஷனில் கஞ்சா பிடிபட்டது என்று படிக்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்து வரும் ரயிலில் பையோடு சிக்குவது பல நேரம் கூலிக்குச் சுமக்கிறவர்கள்தான், அதில் பெண்களும் உண்டு, அனுப்பியவன் யாரென்று செய்தியில் வருவதே அபூர்வம்.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். சுமந்தவளா, முதலாளியா, வீட்டில் பால்குடி மாறாத பிள்ளை இருக்கிறதா, எதுவானாலும் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது. ஜாமீனும் அப்படித்தான். சட்டவிரோதப் பணப்பரிமாற்ற வழக்கில்கூடப் பெண்ணுக்கு ஜாமீன் தர விதிவிலக்கு இருக்கிறது, இந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் இல்லை. பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும் என்று அக்கறையாக எழுதிய அதே சட்டம் இது!

சரி, பெண் என்றால் விட்டுவிடலாமா? கூடாது, அப்புறம் கும்பல்கள் பெண்களையே தேடிப் பிடித்து அனுப்பும். கூலிக்குச் சுமந்த ஆணுக்கும் இதே நியாயம் வேண்டும். அவரவர் பங்கையும் குடும்பப் பொறுப்பையும் பார்த்துத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு வேண்டும், நம் சேலம் எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்